மோர்பியாவை ஸ்கேன் செய்யும்போது கையை அழுத்தாதீர்கள்

மோர்பியா அரிதான தோல் நோய். தோல் ஓரிடத்தில் தடித்து, இறுகிப் பலகைபோல ஆகிவிடும். உள்ளே அழற்சி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறதா, தழும்பாக அடங்கிவிட்டதா என்பதை விரலால் தொட்டு மட்டும் சொல்வது கடினம். மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதே அதில் தங்கியிருக்கிறது. கொழும்பில் கிளினிக் வேலையோடு நான் பழகிய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் முறையைப் புதிதாகத் தொடங்கும் இளம் வைத்தியர்களுக்காக எழுதுகிறேன்.

1. புரோப், அதாவது தோலின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவியின் தலை. 15 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைந்தது வேண்டாம். என் தெரிவு 18. ஐம்பது மெகாஹெர்ட்ஸ் மேற்பரப்பை அழகாகக் காட்டும். சில மில்லிமீற்றருக்குக் கீழே எதுவும் தெரியாது. கொழுப்புப் படையைப் பார்க்காவிட்டால் மோர்பியாவில் பாதியைத் தவறவிடுவோம்.

2. தடிப்பின் ஓரத்தைப் பேனாவால் குறித்து, ஜெல்லைத் தாராளமாக வையுங்கள்.

3. அழுத்தாதீர்கள். நான் பிழைவிட்ட இடம் இதுதான். ஒரு சிறுமியின் முன்கையில், இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டொப்ளரில் நிறமே தெரியவில்லை. நோய் அடங்கிவிட்டது என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். "கொஞ்சம் கையைத் தூக்குங்கள், தங்கச்சி" என்றார் என்னிடம், அருகில் நின்ற மூத்த வைத்தியர். தூக்கியதும் திரையில் சிவப்பும் நீலமும் மின்னின. தோலின் நுண்குழாய்கள் புரோப்பின் பாரத்துக்கே நசுங்கிவிடும். தடிப்பின் அளவும் குறைந்து தெரியும். சுண்டுவிரலை நோயாளியின் உடலில் ஊன்றிக்கொண்டு புரோப்பை ஜெல்லின் மேல் மிதக்க விடுங்கள். திரையின் உச்சியில் ஜெல்லின் கறுப்புப் பட்டை எப்போதும் தெரிய வேண்டும். அது மறைந்தால் அழுத்திவிட்டீர்கள்.

4. மேலே பளிச்சென்ற கோடு மேல்தோல். அதன் கீழே வெளிர்ந்த பட்டை உட்தோல். பிறகு, வெள்ளை இழைகள் ஓடும் கருமையான கொழுப்பு. உட்தோலை மூன்று இடங்களில் அளந்து, எதிர்ப்பக்கக் கையில் அதே இடத்தையும் அளந்து பாருங்கள். உட்தோல் தடித்து, கொழுப்பு வெளுத்து, இரத்த ஓட்டமும் கூடியிருந்தால் நோய் விழித்திருக்கிறது. உட்தோல் மெலிந்து, ஓட்டமும் கூடாமலிருந்தால் அது பழைய பாதிப்பு.

5. டொப்ளரில் வேக அளவுகோலையும், மெதுவான அசைவுகளை நீக்கும் வடிகட்டியையும் மிகக் குறைத்து வையுங்கள். தோலில் இரத்தம் மெதுவாகவே ஓடும்.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் நிறம் வரவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். விசாரித்தால், அறையில் ஏசி முழு வேகத்தில் ஓடியிருக்கிறது. நம் ஊர் வெக்கைக்கு அப்படி வைப்பது வழக்கம்தான். குளிரில் தோலின் குழாய்கள் சுருங்கிவிடும். ஏசியைக் குறைத்து, நோயாளியைப் பதினைந்து நிமிடம் இருக்கவிட்டு, ஜெல் போத்தலையும் வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கிய பிறகு தொடங்குங்கள்.