டிஎஸ்டிடி கம்பைல் பிழைகள்: திருத்தப் போய்க் கெடுத்துவிடும் இடங்கள்

லினக்ஸ் நிறுவிய மடிக்கணினியில் பேட்டரி அளவு தவறாகத் தெரிந்தாலோ, உறங்கப்போன இயந்திரம் விழிக்க மறுத்தாலோ, விடாமல் தோண்டுபவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம், வன்பொருளை எப்படிக் கையாள வேண்டும் என்று இயக்குதளத்துக்குச் சொல்ல ஃபர்ம்வேர் (கணினியின் உள்ளமைந்த அடிப்படை மென்பொருள்) தரும் டிஎஸ்டிடி அட்டவணை. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை 1996-இல் வெளியிட்ட ஏசிபிஐ தரத்தின்படி, மின் மேலாண்மைக்கான நிரல்கள் இந்த அட்டவணைகளில் ஏஎம்எல் என்னும் பைட்கோடாக இருக்கின்றன. அதை ஐஏஎஸ்எல் கருவியால் மூலநிரலாகப் பிரித்து, ஓர் எழுத்தையும் மாற்றாமல் மீண்டும் கம்பைல் செய்தாலே (பைட்கோடாக மாற்றினாலே) பிழைகள் வரிசைகட்டி நிற்பதுண்டு. அவற்றுள் பல ஃபர்ம்வேர் எழுதியவரின் பிழைகள் அல்ல, நாம் பிரித்த முறையால் முளைத்தவை.

டிஎஸ்டிடியை மட்டும் தனியே பிரிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஏஎம்எல்லில் ஒரு மெத்தடை, அதாவது பெயரிட்ட ஒரு செயல்பாட்டை, அழைக்கும்போது அதன் பெயரும், அதைத் தொடர்ந்து மதிப்புகளும் மட்டுமே எழுதப்படுகின்றன. எத்தனை மதிப்புகள் என்ற எண்ணிக்கை அங்கே இருப்பதில்லை. அந்த மெத்தட், டிஎஸ்டிடிக்குத் துணையாக வரும் ஓர் எஸ்எஸ்டிடி அட்டவணையில் வரையறுக்கப்பட்டிருந்தால், அதைப் பார்க்காத கருவி எண்ணிக்கையை ஊகிக்க வேண்டியதாகிறது. இரண்டு மதிப்புகளுடன் அழைக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை என்று ஊகித்துவிட்டால், மிஞ்சிய இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் அநாதையாக நிற்கும். கம்பைலர் காட்டுவது அந்த வரிகளைத்தான். அவற்றை அழித்தவுடன் பிழை மறைந்துவிடும். ஆனால் மெத்தட் இனி வெறுங்கையோடுதான் அழைக்கப்படும். ஆகவே ஏசிபிஐடம்ப் என்னும் கருவி கொண்டு எல்லா அட்டவணைகளையும் எடுத்து, ஐஏஎஸ்எல்லின் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து விருப்பத்தின் வழியே எஸ்எஸ்டிடிகளையும் சேர்த்துக் கொடுத்துப் பிரிக்க வேண்டும். பிழைப் பட்டியலில் பாதி அப்போதே காணாமல் போனால் வியப்படைய வேண்டாம்.

அடுத்தது, மெத்தட் மதிப்பு எதையும் திருப்பித் தரவில்லை என்ற எச்சரிக்கை. கண்ட இடத்திலெல்லாம் சுழியத்தைத் திருப்பித் தரும் ஒரு வரியைச் செருகினால் கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும், இயக்குதளம் மூடிக்கொள்ளாது. பேட்டரி நிலையைச் சொல்லும் பிஎஸ்டி மெத்தடிடம் எதிர்பார்க்கப்படுவது நான்கு உறுப்புகள் கொண்ட ஒரு பேக்கேஜ்: நிலை, தற்போது சார்ஜ் ஏறும் அல்லது இறங்கும் வேகம், மீதமுள்ள கொள்ளளவு, மின்னழுத்தம். அங்கே வெறும் எண் வந்தால் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் வகைப் பொருத்தமில்லை என்று முறையிடும், பேட்டரியின் அளவும் கிடைக்காது. எந்தக் கிளையில் ரிட்டர்ன் விடுபட்டிருக்கிறது என்று தேடிப்பார்த்து, அங்கே நான்கு உறுப்புள்ள பேக்கேஜையே தர வேண்டும். அறியாத அளவுகளுக்கு 32 பிட்டும் ஒன்றாக நிரம்பிய மதிப்பைத் தரலாம் என்று தரமே இடம் கொடுக்கிறது.

ஒரு அடைப்புக்குறி விடுபட்டாலே அதன் கீழே உள்ளவையெல்லாம் பிழையாகத் தெரியும் என்பதால், முதல் பிழையைத் திருத்தியவுடன் மறுபடி கம்பைல் செய்துவிடுங்கள். பிழைகளை மீறிக் கோப்பை உருவாக்கும் ‘எஃப்’ விருப்பத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கம்பைல் சுத்தமாக முடிந்தும் எதுவும் மாறவில்லை என்றால், பெரும்பாலும் அட்டவணையின் தலைப்பில் உள்ள ஓஇஎம் ரிவிஷன் என்னும் பதிப்பு எண்ணை உயர்த்த மறந்திருப்பீர்கள். பழையதைவிடப் பெரிய எண் இல்லாத அட்டவணையைக் கெர்னல் ஏற்பதில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது செலவானது. அட்டவணையைத் தாங்கும் சிபிஐஓ தொகுப்பும் (கோப்புகளை ஒன்றாகக் கட்டும் வடிவம்) சுருக்கப்படாமல், துவங்கும்போது கெர்னலுடன் ஏற்றப்படும் இனிட்ஆர்டி கோப்பின் முன்பகுதியில் இருக்க வேண்டும்.

அதே மாடல்தானே என்று இன்னொருவர் திருத்திய கோப்பைப் போடுவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. அட்டவணையில் உள்ள சில நினைவக முகவரிகளை ஃபர்ம்வேர் இயந்திரம் துவங்கும்போது நிரப்புகிறது. ரேம் அளவோ பயாஸ் பதிப்போ வேறானால் அவையும் வேறாகலாம், அப்போது அந்த நிரல் சம்பந்தமில்லாத இடத்தில் எழுதும். ரேம் கூட்டினாலும் பயாஸைப் புதுப்பித்தாலும் உங்கள் சொந்தக் கோப்புக்கும் இதே கதிதான் என்பதால், புதிதாக எடுத்த அட்டவணையில் திருத்தங்களை மறுபடி செய்யுங்கள். அது சரியாக ஓடும்வரை, திருத்தமில்லாத பழைய இனிட்ஆர்டியும் பூட் மெனுவில் ஒரு வரியாக இருக்கட்டும்.