'ஃபீல் வரல' என்று பாட்டு திரும்பி வந்தால் செய்யக் கூடாதவை

போன மாசம் சாலிகிராமத்தில் ஒரு டீக்கடையில், பாட்டு எழுதும் தம்பி ஒருவன் போனைக் காட்டினான். 'பல்லவி 1' தொடங்கி 'பல்லவி 11' வரை வரிசையாக ஃபைல்கள், எல்லாம் ஒரே மெட்டுக்கு. பதினொன்றுக்கும் இசையமைப்பாளரிடமிருந்து வந்த பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "நல்லா இருக்கு, ஆனா ஃபீல் வரல, வேற ட்ரை பண்ணுங்க." "என்னண்ணே பண்றது, பன்னிரண்டாவது எழுதட்டுமா?" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அந்தப் போனில் இருந்தது என் பழைய நோட்டு.

எழுத்துப்பிழை, கேட்ட தேதிக்குக் கொடுக்காமல் இழுப்பது, இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாட்டு திரும்பி வந்த பிறகு நாம் அடிக்கிற கூத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மொத்தத்தையும் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவது

எனக்கு ஒரு படத்தையே தின்ற தவறு இது. எழுத வந்த புதிதில் ஒரு இசையமைப்பாளரிடமிருந்து மெட்டு வந்தது. அவரே தத்தகாரத்தில், அதாவது வார்த்தை இல்லாமல் 'தன தானா' என்று, பாடியிருந்தார், பின்னால் வெறும் கீபோர்டு. காதல் சிச்சுவேஷன், பெண் குரல். பல்லவியின் இரண்டாவது வரி 'தனன்னா' என்று முடியும், அந்தக் கடைசி 'னா' மேலே போய் நாலு எண்ணிக்கை நிற்கும். நான் எழுதியது: "வாசலில் கேட்ட ஓசை என் நெஞ்சின் துடிப்பு". த-னன்-னா, து-டிப்-பு. எண்ணிப் பார்த்தால் சரியாக இருந்தது, அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து உதவியாளரின் வாய்ஸ் நோட்: "கவிஞரே, சார் கேட்டாரு, நல்லா இருக்குன்னாரு. என்னமோ ஃபீல் மட்டும் வரல. வேற ஒண்ணு குடுங்க."

நான் அந்த 'வேற'வைப் பிடித்துக்கொண்டேன். வாசலை விட்டுக் கடலுக்குப் போனேன், கடலை விட்டு மழைக்கு, மழையும் போய் ரயில். ஒன்பது நாளில் ஏழு பல்லவி. ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசம், ஏனென்றால் மூன்றாவதுக்குப் பிறகு நான் பாட்டு எழுதவே இல்லை, அந்த மனிதர் மனசில் என்ன இருக்கிறது என்று ஜோசியம் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது நாள் வேறொருவர் எழுதியதை ரெக்கார்ட் செய்துவிட்டார்கள்.

விஷயம் தெரிந்தது பல மாதம் கழித்து, ட்ராக், அதாவது பாட்டு எப்படி வருகிறது என்று பார்க்க முதலில் பதிவு செய்யும் குரல், பாடிய பெண்ணை வேறொரு ஸ்டுடியோவில் பார்த்தபோது. "அந்த வாசல் பாட்டு நல்லா இருந்துச்சேண்ணா, 'துடிப்பு' மட்டும்தான் மேல நிக்கவே இல்ல. இழுத்தா 'துடிப்பூ'ன்னு ஏதோ பூ பேரு மாதிரி கேட்டுச்சு, சாரே சிரிச்சிட்டாரு" என்றார்.

துடிப்பு என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம். இலக்கணக் கணக்கில் அரை மாத்திரை. அதைக் கொண்டுபோய் நாலு எண்ணிக்கை நிற்கிற உச்ச ஸ்வரத்தில் வைத்திருக்கிறேன்! இழுத்தால் உதடு வேறு குவிகிறது, குரல் எப்படித் திறக்கும்? 'துடிப்பா' என்று கேள்வியாக்கியிருந்தால் வேலை முடிந்தது. "வாசலில் கேட்ட ஓசை என் நெஞ்சின் துடிப்பா". வாய் தாராளமாகத் திறக்கிறது, அர்த்தமும் முன்னதைவிட அழகு. உகரத்துக்குப் பதில் ஒரு துணைக்கால், அவ்வளவுதான். அதற்கு ஏழு பல்லவி எழுதி ஒரு படத்தையும் விட்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அந்த இசையமைப்பாளர்மேல் கோபமில்லை. காதில் ஏதோ இடித்தது, அதற்கு அவர் கையில் இருந்த சொல் 'ஃபீல்'.

அதனால் இந்தப் பதில் வந்தால் பேனாவைத் தொடாதீர்கள். முதலில் உங்கள் வரியை மெட்டோடு வாய்விட்டுப் பாடி, போனில் பதிவு செய்து கேளுங்கள். குரல் கேவலமாக இருந்தாலும் பரவாயில்லை. ஸ்வரம் நிற்கிற இடத்தில் என்ன எழுத்து இருக்கிறது? குறில் அங்கே விழுந்தால் 'விடு' வீடாகும், 'கொடு' கோடாகும், 'படம்' பாடமாகும். வார்த்தையின் நடுவில் மூச்சு விட வேண்டியிருக்கிறதா? இதெல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் அர்த்தத்தைச் சந்தேகப்படலாம். டீக்கடைத் தம்பியையும் 'பல்லவி 1'ஐப் பாடச் சொன்னேன். பெஞ்சைத் தட்டிக்கொண்டே பாடினான், மூன்றாவது வரியில் காதலி அவனை 'வீடு' என்றாள்.

'ஏன்' என்று கேட்பது

"ஏன் சார் பிடிக்கல?" என்று கேட்டால் அவர் ஒரு காரணத்தை உண்டாக்கித்தான் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் இன்னொரு காட்டுக்குள் போவீர்கள். எங்கே என்று கேளுங்கள். அதையும் உதவியாளரிடம் கேளுங்கள், பாட்டை ஓட்டியபோது அவர்தான் பக்கத்தில் இருந்தவர். "பல்லவியா சரணமா? எந்த வரில சார் முகம் மாறுச்சு?" என்றால் ஒரே வார்த்தையில் பதில் வரும். ட்ராக் பாடியது இருந்தால் அதையும் அனுப்பச் சொல்லுங்கள். என் கதையில் அந்த ஒரு நிமிஷ ஆடியோ போதுமாயிருந்திருக்கும், எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை.

பாராட்டு என்று நினைத்து ஏமாறுவது

"கவிதையா இருக்கு" என்று ஸ்டுடியோவில் சொன்னால் அனேகமாக, கேட்டவுடன் புரியவில்லை என்று அர்த்தம். "கேட்சியா இல்ல" என்பது பெரும்பாலும் முழுப் பாட்டைப் பற்றியது கிடையாது, பல்லவியின் முதல் இரண்டு வார்த்தையைப் பற்றியது. "சிச்சுவேஷனுக்கு ஒட்டல" என்றால் உங்களுக்குச் சொன்ன சிச்சுவேஷன் இன்னும் படத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

வீட்டில் வாசித்துக் காட்டுவது

அம்மாவுக்குப் பிடித்திருக்கும். அம்மாவுக்கு மெட்டு தெரியாது.

பதில் வராததை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்வது

படமே நின்றுபோயிருக்கும்.

திரும்பி வந்த வரியைத் தூக்கிப் போடுவது

பணமும் வாங்காமல் கையெழுத்தும் போடாமல் இருந்தால் அந்த வரி உங்களுடையது. 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் உரிமை இன்னொருவர் கைக்குப் போகாது. ஆனால் நிலாவை யாரோ தோசை என்று எழுதிவிட்டார், என் ஐடியா போச்சு என்று சண்டைக்குப் போகாதீர்கள், கருத்துக்குக் காப்புரிமை கிடையாது, சொன்ன விதத்துக்குத்தான். எழுதியதைத் தேதியோடு உங்களுக்கே ஒரு மெயில் போட்டு வையுங்கள். என் வாசலும் துடிப்பாவும் அப்படித்தான் கிடக்கின்றன. கடைசியில் மேலே போய் நிற்கிற 'தனன்னா' யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.