பழைய பட்டாளத்து நண்பர்கள் கூடும் மர்ம நாவலுக்கு வாசகர் கருத்து எழுதுவது எப்படி?

முன்பு ராணுவத்தில் ஒன்றாக இருந்தவர்கள் பல வருடம் கழித்துக் கூடுகிறார்கள். அவர்களில் ஒருவர் கொல்லப்பட்டிருக்கிறார். யார் செய்தது, ஏன் செய்தது என்று மற்றவர்கள் தேடப் புறப்படுகிறார்கள். இந்த வகைக் கதையைப் படித்து முடித்ததும் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல இருக்கும். எழுத உட்கார்ந்தாலோ "செம விறுவிறுப்பு, கீழே வைக்கவே முடியவில்லை" என்பதற்கு மேல் பேனா நகராது. அதைப் படிப்பவருக்கு இந்தப் புத்தகத்தைப் பற்றி எதுவுமே தெரிய வராது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நாவலைக் கையில் வைத்துக்கொள்வோம். லீ சைல்ட் எழுதி 2007-இல் வந்த 'பேட் லக் அண்ட் டிரபிள்'. முன்னாள் ராணுவப் போலீஸ் அதிகாரி ஜாக் ரீச்சர் நாயகனாக வரும் வரிசையில் இது 11-ஆவது.

படி 1: படிக்கும்போதே குறித்து வையுங்கள்

ஒரு துண்டுத்தாள் போதும். துப்பு கிடைத்த இடம், உங்கள் சந்தேகம் ஆள் மாறிய இடம், நண்பர்களின் பழக்கம் தெரிந்த இடம் ஆகிய மூன்றுக்கும் பக்க எண் மட்டும் எழுதுங்கள். முடித்த பிறகு யோசித்தால் க்ளைமாக்ஸ்தான் நினைவில் நிற்கும். நடுவில் ரசித்ததெல்லாம் மறந்துபோகும்.

படி 2: எதுவரை சொல்லலாம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

முதல் சில அத்தியாயங்களில் வருவதைச் சொல்லலாம். கலிஃபோர்னியா பாலைவனத்துக்கு மேலே பறக்கும் ஹெலிகாப்டரிலிருந்து ஒரு மனிதனைத் தள்ளிவிடுகிறார்கள். கதை தொடங்குவதே அங்கேதான், அதைச் சொல்வதில் தவறில்லை. அதற்குப் பிறகு வருவதில் கவனம் தேவை.

நண்பர் குழுவை வைத்து எழுதிய கதையில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. பெயரே சொல்லாமல் கதையை உடைத்துவிடலாம். "கடைசியில் மூன்று பேரும் கைகுலுக்கும் காட்சி அருமை" என்று எழுதினால், ஐந்து பேருடன் தொடங்கிய கதையில் இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று வாசகர் கணக்குப் போட்டுவிடுவார். 'துரோகம்' என்ற ஒற்றைச் சொல் போதும், அதன்பிறகு அவர் ஒவ்வொரு நண்பனையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். நான் முதலில் எழுதிய கருத்து ஒன்றில் ஒரு பாத்திரத்தின் "கடைசிக் காட்சி" என்று போட்டுவிட்டேன். அந்தப் பாத்திரம் சாகிறது என்பது அதிலேயே தெரிந்துவிட்டதாகப் படித்தவர் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயம்தான்.

படி 3: அந்த நட்பு கதைக்குள் என்ன வேலை செய்கிறது?

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இவர்களுக்குப் பதிலாக முன்பின் தெரியாத நால்வரைப் போட்டிருந்தாலும் கதை இப்படியே நடந்திருக்குமா?

நம் நாவலில் நடந்திருக்காது. ரீச்சருக்குப் போன் இல்லை, முகவரியும் இல்லை. ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது கணக்கில் 1,030 டாலர் கூடுதலாக இருப்பதைப் பார்க்கிறார். '10-30' என்பது மிலிட்டரி போலீஸ் ரேடியோவில் "அவசரம், உதவி தேவை" என்பதற்கான குறியீடு. பழைய சகா நீக்லி பணத்தையே செய்தியாக்கி அனுப்பியிருக்கிறார். சேர்ந்து வேலை பார்த்தவருக்குத்தான் அது புரியும். இங்கே நட்பே முதல் துப்பாகிவிடுகிறது. இப்படி ஒரு இடத்தைக் காட்டினால் போதும், "நட்பை அழகாகச் சொல்லியிருக்கிறார்" என்ற வரியே தேவைப்படாது.

சின்ன விஷயங்களையும் பாருங்கள். நீக்லிக்கு யாரும் தன்னைத் தொடுவது பிடிக்காது. கூட இருந்தவர்களுக்கு அது தெரியும். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. மற்றவர்கள் வேலை, வருமானம் என்று ஒரு நிலைக்கு வந்துவிட்டார்கள். மடக்கு டூத்பிரஷ் ஒன்றோடு சுற்றும் ரீச்சர் தன்னை அவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறார். எத்தனை பேரை அடித்தாலும் அசராத மனிதர், பழைய நண்பர்கள் முன்னால் கொஞ்சம் சுருங்குகிறார். பல வருடம் கழித்துப் பழைய கூட்டாளிகளைச் சந்தித்த யாருக்கும் இது புரியும். உங்களை இப்படித் தொட்ட இடம் எதுவோ அதை எழுதுங்கள், கருத்துக்கு உயிர் வந்துவிடும்.

படி 4: மர்மத்தைத் தனியாக எடை போடுங்கள்

நட்பு பிடித்துப்போனால் முடிச்சின் ஓட்டை கண்ணில் படாது. அதனால் இரண்டையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். துப்பறிபவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததா? விடை முன்பே கண்ணெதிரில் இருந்ததா, கடைசி அத்தியாயத்தில் திடீரென்று முளைத்ததா? எந்தக் கட்டத்தில் ஊகித்தீர்கள் என்பதையும் ("பாதியிலேயே" என்பது போல) சொல்லலாம். என்ன ஊகித்தீர்கள் என்று சொல்லாதீர்கள்.

படி 5: பிடிக்காததைக் காரணத்தோடு சொல்லுங்கள்

"இரண்டாம் பாதி சலிப்பு" என்றால் யாருக்கும் உதவாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"இவர்கள் ஒருகாலத்தில் சட்டத்தைக் காத்த ராணுவப் புலனாய்வாளர்கள். ஆனால் நண்பனைக் கொன்றவர்களைச் சட்டத்திடம் ஒப்படைக்கும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. அவர்கள் கோபம் எனக்குப் புரிந்தது. அந்த முடிவைப் பற்றி அவர்களில் ஒருவராவது தயங்கியிருந்தால் இன்னும் நம்பியிருப்பேன்."

பழிவாங்கலையே விரும்பிப் படிப்பவர் இதைப் பார்த்துப் புத்தகத்தைத் தேடிப் போவார். பிடிக்காதவர் விலகுவார். இருவருக்கும் உங்கள் கருத்து பயன்பட்டுவிட்டது.

படி 6: திரையில் பார்த்ததையும் படித்ததையும் கலக்காதீர்கள்

இதே கதையை வைத்து 'ரீச்சர்' தொடரின் இரண்டாம் சீசன் 2023 டிசம்பரில் வந்தது. நாவலில் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கும். தொடரில் நியூயார்க்குக்கு மாற்றிவிட்டார்கள். எது எதில் வந்தது என்று சந்தேகம் வந்தால் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

படி 7: வெளியிடுவதற்கு முன்

நாவலைப் படிக்காத ஒருவரிடம் வரைவைக் கொடுத்து இரண்டே கேள்வி கேளுங்கள். இதில் யார் சாவார்கள் என்று தோன்றுகிறது? யார் மேல் சந்தேகம் வருகிறது? சரியான பெயரைச் சொல்லிவிட்டார் என்றால், எந்த வரியிலிருந்து பிடித்தார் என்று கேட்டு அந்த வரியை எடுத்துவிடுங்கள்.