போர் நினைவுத்தூணைப் பீடத்திலிருந்து படியுங்கள்

கல்லில் எழுத்து வெட்டுவது என் தொழில். அதனால் எந்தப் போர் நினைவுத்தூண் முன்னால் நின்றாலும் என் கண் சிலைக்குப் போகாது, பெயர்களுக்குத்தான் போகும். நீங்களும் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பேன். உச்சியில் இருப்பது, கட்டியவர்கள் சொல்ல ஆசைப்பட்டது. நடந்தது என்ன என்பது பீடத்தில்தான் இருக்கும்.

முதலில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நான் ஒருமுறை பாதி நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்துவிட்டுக் கிளம்பினேன். வழியில்தான் பின்பக்கம் பார்க்கவில்லை என்று உறைத்தது. திரும்பிப் போனால், இரண்டாம் உலகப் போரில் செத்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருக்கிறார்கள்! முதல் உலகப் போருக்காக 1920களில் தூண் எழுப்பியவர்கள் இன்னொரு போருக்கு இடம் விட்டுவைக்கவில்லை. அதனால் அடுத்த போரின் பெயர்கள் பின்புறத்திலோ படிக்கட்டு ஓரத்திலோ நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

ஆண்டைப் பாருங்கள். சில தூண்களில் 1914–1918, சிலவற்றில் 1914–1919. இரண்டாவது பிழையல்ல. சண்டை ஓய்ந்தது 1918 நவம்பர் 11. ஜெர்மனியுடனான போரை முறைப்படி முடித்த வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28.

இனி பெயர்ப் பட்டியல். இங்கே அவசரப்படாதீர்கள். அதிகாரி மேலே, சிப்பாய் கீழே என்றிருந்தால், சாவுக்குப் பிறகும் படிநிலையை விட மனம் வரவில்லை என்று பொருள். பதவியே போடாமல் அகரவரிசையில் இருந்தால், எல்லாரும் ஒன்று என்று முடிவெடுத்திருக்கிறார்கள். வரிசைக்கு ஒட்டாமல் கடைசியில் ஒரு பெயர் தனியாக நிற்கிறதா? குனிந்து பாருங்கள். வெட்டின் ஆழம் வேறாக இருக்கும், விளிம்பு கூராக இருக்கும், இடைவெளி ஒத்துவராது. வேறொரு கை, வேறொரு நாளில் வெட்டியது. பிறகு சேர்த்த பெயர் அது. பளிங்கில் ஈயம் அடித்த எழுத்து உதிர்ந்துபோயிருந்தாலும் கவலையில்லை. ஈயம் பிடிப்பதற்காகத் துளைத்த சின்னக் குழிகள் மிஞ்சியிருக்கும். அவற்றை வைத்தே எழுத்தைக் கண்டுபிடிக்கலாம்.

தேதி வரிசைக்கு வாஷிங்டன் வியட்நாம் நினைவுச் சுவரைப் பாருங்கள். மாயா லின் வடிவமைத்தது, 1982இல் திறந்தது. கறுப்புக் கிரானைட்டில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள். ஒரே நாளில் விழுந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். பெயரோடு வைரக்குறி இருந்தால் மரணம் உறுதியானது, சிலுவைக்குறி என்றால் காணாமல் போனவர். பிறகு உடல் கிடைத்தால் சிலுவையின் மேலேயே வைரத்தை வெட்டுவார்கள். என் தொழிலில் இதைவிடக் கனமான வேலை இருக்குமா தெரியவில்லை.

இதற்குப் பிறகு தலையை நிமிர்த்துங்கள். ஒடிந்த தூண் பாதியில் அறுந்த உயிர். தலைகீழ்த் தீப்பந்தம் மரணம். லாரல் இலை வளையம் வெற்றி. துப்பாக்கி முனையைத் தரையில் ஊன்றித் தலை கவிழ்ந்த சிப்பாய் துக்கம் காக்கிறான். துப்பாக்கி நீட்டிப் பாய்கிறவனைத் தேர்ந்தெடுத்த ஊருக்கு வேறு மனநிலை. பிரான்சின் ஜாந்தியூவில் சிப்பாயே இல்லை. தகப்பனை இழந்த சிறுவன் ஒருவன், பெயர்ப்பலகையை நோக்கி மூடிய கைமுஷ்டியை நீட்டி நிற்கிறான். எதிரே வெட்டியிருக்கும் வாசகம்: ‘போர் நாசமாய்ப் போக’. குதிரை எத்தனை காலைத் தூக்கியிருக்கிறது என்று எண்ணி, வீரர் எப்படி இறந்தார் எனச் சொல்லும் கணக்கு மட்டும் வேண்டாம், அது வெறும் கதை.

சிலையே இல்லாத தூணும் பேசும். லண்டன் செனடாஃப், எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்தது, 1920இல் கல்லில் எழுந்தது. பெயருக்குப் பொருளே வெற்றுக் கல்லறை. நேர்க்கோடு போலத் தெரியும் விளிம்புகள் நேரல்ல. நிற்கும் விளிம்புகளை நீட்டினால் சுமார் 1,000 அடி உயரத்தில் போய்ச் சேரும். கண்ணுக்குப் பிடிபடாது, கல் வெட்டியவனுக்கு உயிர் போயிருக்கும்.

தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ் பூசாதீர்கள், கம்பித் தூரிகை கூடவே கூடாது. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் போங்கள். இருட்டிவிட்டால் கைப்பேசி விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள்; வெட்டுப் பள்ளத்தில் நிழல் விழும், பெயர் எழுந்து வரும்.