சர்க்கரை போடாமல் இனிக்கும் கூலாஷ்: ஹங்கேரிய வீட்டு முறை

ஹங்கேரியின் சமவெளிகளில் மாடு மேய்த்தவர்கள், கொப்பரையைத் தொங்கவிட்டு விறகுத் தீயில் சமைத்த உணவு கூலாஷ். பிற நாடுகளில் இந்தப் பெயரில் கெட்டியான குழம்பு வரும். ஹங்கேரியில் அதற்குப் பெர்கெல்ட் என்று பெயர். அங்கே கூலாஷ் என்றால் கரண்டியால் அள்ளிக் குடிக்கும் சூப்தான்.

நல்ல கூலாஷில் மெல்லிய இனிப்பு ஒன்று அடியில் இருக்கும். சிலர் அதைச் சர்க்கரையும் கெட்ச்அப்பும் கொட்டி வரவழைக்கிறார்கள். தேவையே இல்லை. வெங்காயம், பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாயை உலர்த்தி அரைத்த தூள்), கேரட் ஆகிய மூன்றிலும் போதுமான இனிப்பு இருக்கிறது. அதை வெளியே கொண்டுவரப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

நான்கு பேருக்கு: மாட்டின் கால்சதை 600 கிராம், பெரிய வெங்காயம் 300 கிராம், பன்றிக் கொழுப்பு அல்லது எண்ணெய் 2 மேசைக்கரண்டி, இனிப்புப் பாப்ரிகாத் தூள் 2 மேசைக்கரண்டி, கேரவே விதை அரைத் தேக்கரண்டி, பூண்டு 2 பல், கேரட் 2, உருளைக்கிழங்கு 400 கிராம், தக்காளி 1, காரமில்லாத மஞ்சள் குடைமிளகாய் 1, உப்பு. கேரவே பார்வைக்குச் சீரகம் போல இருந்தாலும் மணம் வேறு. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், சீரகத்தைப் போட்டுவிடாதீர்கள். பாப்ரிகாவுக்குப் பதிலாக நம் மிளகாய்த்தூளை 2 மேசைக்கரண்டி போட்டால் யாராலும் வாயில் வைக்க முடியாது. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ஆட்டுக்கறியில் செய்யலாம்.

முதலில் வெங்காயம். சமையலில் பாதி இங்கேதான் முடிகிறது. மிகப் பொடியாக நறுக்கி, அடி கனமான பாத்திரத்தில் கொழுப்பு உருகியதும் போட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவி மூடிவிடுங்கள். தீ சிறியதாகவே இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் நீர் விட்டிருக்கும். பிறகு மூடியை எடுத்துவிட்டு, மேலும் பதினைந்து நிமிடம் அவ்வப்போது கிளறுங்கள். காரநெடி அடங்கி இனிப்பு மணம் எழும். துண்டுகள் பளபளத்து இளம் பொன்னிறமாகும். கரண்டியால் அழுத்தினால் குழையும். அதுதான் பதம். பிரியாணிக்கு வறுப்பதுபோலச் சிவக்க விட்டால் கசப்பு ஏறிவிடும்.

அடுத்த அரை நிமிடம் கவனம் சிதறக் கூடாது. பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குங்கள். ஆம், முழுவதுமாக இறக்கிவிட்டு, அதன் பிறகே பாப்ரிகாத் தூளைச் சேர்த்துக் கிளற வேண்டும். அதன் நிறம் கொழுப்பில்தான் கரையும், அதனால் கொழுப்பின் சூடு அதற்குத் தேவை. ஆனால் தூளிலேயே சர்க்கரை இருப்பதால் தீயின் மேல் நொடியில் கருகிக் கசந்துவிடும். செங்கல் நிறத்தில் எண்ணெய் மினுங்கியதும் அரைக் குவளை தண்ணீர் ஊற்றிவிடுங்கள். செகெட், கலொச்சா என்ற இரண்டு ஊர்களின் பாப்ரிகாவுக்குத்தான் ஹங்கேரியில் பெயர் அதிகம். ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பெர்ட் சென்ட்-ஜ்யோர்ஜி செகெடில் விளைந்த மிளகாயிலிருந்துதான் சி வைட்டமினைப் பெருமளவில் பிரித்தெடுத்தார். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கும் தூளில் அந்த வைட்டமின் அதிகம் மிஞ்சாது என்பது வேறு விஷயம்.

மீண்டும் அடுப்பில் ஏற்றி, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிய இறைச்சி, நசுக்கிய பூண்டு, கேரவே, உப்பு சேர்த்து மூடி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் வேக விடுங்கள். வற்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் போதும். இந்தக் கட்டத்தில் நிறைய ஊற்றினால் சாறு நீர்த்துப்போகும். குக்கரில் வைத்தால் நேரம் மிச்சமாகும். ஆனால் சாறு சுண்டிச் சுண்டி வரும் சுவை அதில் கிடைப்பதில்லை.

இறைச்சி முக்கால் பதம் வெந்ததும் கேரட், தக்காளி, குடைமிளகாயை நறுக்கிப் போட்டு ஒரு லிட்டர் வெந்நீர் ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து உருளைக்கிழங்கு. அது குழையாமல் வெந்ததும் உப்புப் பாருங்கள்.

ஹங்கேரிய வீடுகளில் இதில் சிபெட்கெ என்ற கிள்ளு மாவும் போடுவார்கள். ஒரு முட்டை, சிட்டிகை உப்பு, சுமார் 80 கிராம் மைதா. தண்ணீர் சேர்க்காமல் கெட்டியாகப் பிசைந்து, விரல்நகம் அளவுக்குக் கிள்ளிக் கொதிக்கும் சூப்பில் உதிர்த்து, பத்து நிமிடம் வேகவிட வேண்டும். மாவு சூப்பை உறிஞ்சி ஊதிக்கொண்டே போகும். மறுநாளைக்கும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அந்தப் பங்கை முன்பே தனியே எடுத்துவிட்டு, மீதியில் மட்டும் கிள்ளிப் போடுங்கள். தொட்டுக்கொள்ள வெள்ளை ரொட்டி. காரம் வேண்டியவர்களுக்கு மிளகாய் விழுதைக் கிண்ணத்தில் தனியாக வையுங்கள். பாத்திரத்தில் கலந்தால் அடியில் இருக்கும் அந்த இனிப்பு அடிபட்டுப்போகும்.