பழைய கணினியில் கோப்புகளை ஒழுங்குசெய்ய டெர்மினலே போதும்

என் மடிக்கணினிக்கு 2 ஜிபி ரேம், உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க், மேலே லினக்ஸ். படங்கள் உள்ள ஃபோல்டரை மவுஸால் திறந்தால், ஒவ்வொரு படத்துக்கும் சிறுபடம் தயாராகி முடியும்வரை எதுவும் அசையாது. டெர்மினலுக்கு அந்த வேலையே இல்லை. பெயர்களைப் படிக்கும், உடனே காட்டும். டிஸ்க் நிரம்பிப்போனதால் போன மாதம் இரண்டு இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்குசெய்தேன். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். அடிக்கும்போது எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்து. டெர்மினலைத் திறப்பது, சிடி கொடுத்து ஃபோல்டருக்குள் போவது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எங்கே அடைத்திருக்கிறது?

டிஎஃப் -எச்

டிஸ்க்கில் எவ்வளவு மிச்சம் என்று இது சொல்லும். எந்த ஃபோல்டர் தின்கிறது என்று பார்க்க:

டியூ -எஸ்எச் * | சார்ட் -எச்

பெரியது கடைசி வரியில் வரும். சார்ட்டுக்கும் -எச் கட்டாயம் கொடுங்கள். இல்லாவிட்டால் 900 எம்பி, 2 ஜிபியைவிடப் பெரியது என்று வரிசைப்படுத்திவிடும். அடிக்கடி இந்த வேலை இருந்தால் என்சிடியூ என்ற கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். அம்புக்குறி விசைகளாலேயே ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கிப் பார்க்கலாம். பழைய கணினிக்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை.

2. அழிக்காதீர்கள், ஒதுக்கி வையுங்கள்

எம்கேடிஐஆர் கழிவு
எம்வி -ஐ பழசு.ஜிப் கழிவு/

முதல் வரி கழிவு என்ற ஃபோல்டரை உருவாக்கும், இரண்டாவது வரி கோப்பை அதற்குள் நகர்த்தும். ஒரே பார்ட்டிஷனுக்குள் (டிஸ்க்கின் ஒரே பிரிவுக்குள்) நகர்த்தும்போது கோப்பின் உள்ளடக்கம் இடம் மாறுவதில்லை, அது எங்கே இருக்கிறது என்ற பதிவு மட்டுமே மாறுகிறது. அதனால் 5 ஜிபி வீடியோவும் கண்ணிமைப்பதற்குள் போய்விடும். அதே பெயரில் அங்கே ஏற்கெனவே ஏதாவது இருந்தால் -ஐ கேட்டுவிட்டுத்தான் மேலெழுதும்.

3. பெயரில் இடைவெளி

இதை நிதானமாகப் படியுங்கள். என்னிடம் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன: "படங்கள்", "படங்கள் பழையது". இரண்டாவது, முன்பு எடுத்துவைத்த நகல். அதை நீக்க நினைத்து அடித்தது:

ஆர்எம் -ஆர் படங்கள் பழையது

டெர்மினலுக்கு இடைவெளி என்றால் ஒரு பெயர் முடிந்து அடுத்த பெயர் தொடங்குகிறது என்று அர்த்தம். முதலில் "படங்கள்" முழுவதையும் அழித்தது. பிறகு "பழையது" என்று எதுவும் இல்லை என்று ஒரு வரி காட்டியது. ஆர்எம் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை. நகல் பிழைத்துக்கொண்டது, ஆனால் அதற்குப் பிறகு எடுத்த மூன்று மாதப் படங்கள் போயின. அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் கொண்டு சிலவற்றை மீட்டேன். படம் வந்தது, கோப்புப் பெயர்கள் வரவில்லை.

டேப் விசை காப்பாற்றும் என்பார்கள். இங்கே அதுவும் "படங்கள்" வரை நிரப்பிவிட்டு நின்றுவிடும், ஏனென்றால் இரண்டுக்கும் அதுவரை ஒரே பெயர். நான் தடுக்கியது அங்கேதான். இப்போது மேற்கோள்குறியை முதலில் போட்டுவிட்டே பெயரைத் தொடங்குகிறேன்:

எம்வி -ஐ "படங்கள் பழையது" படங்கள்_பழையது

பெயரையே இப்படி அடிக்கோடு போட்டு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை அதோடு தீர்ந்தது. ஆர்எம் அடிக்கும் முன் அதே பெயரை, பட்டியல் மட்டும் காட்டும் எல்எஸ்ஸுக்குக் கொடுத்து, என்ன வருகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

4. வெளி டிஸ்க்குக்கு நகல்

நகலெடுக்க, வழக்கமான சிபி கட்டளையைவிட ஆர்சிங்க்தான் என் தேர்வு. பாதியில் நின்றாலும், மறுபடி ஓட்டினால் முழுதாகப் போய்ச்சேர்ந்த கோப்புகளை விட்டுவிட்டு மற்றதைத் தொடரும்.

ஆர்சிங்க் -ஏவிஎன் படங்கள் /எம்என்டி/நகல்/

/எம்என்டி/நகல்/ என்பது என் கணினியில் வெளி டிஸ்க் இருக்கும் இடம். -ஏவிஎன் கடைசியில் உள்ள "என்" எழுத்து, ஒத்திகை. எதுவும் எழுதாமல், என்னென்ன போகும் என்று மட்டும் காட்டும். திருப்தியானதும் அந்த "என்" எழுத்தை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். "படங்கள்" என்றால் ஃபோல்டரே போகும். "படங்கள்/" என்று சாய்கோடு சேர்த்தால் உள்ளே இருப்பவை மட்டும் போய் அங்கே சிதறும்.

பின்சேர்க்கை: டிஎஃப் கணக்கும் டியூ கணக்கும் ஒத்துவரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்கள் * குறிக்குள் வராது. டியூ -எஸ்எச் .கேஷ் என்று தனியாகப் பாருங்கள், சிறுபடங்கள் குவிந்திருப்பது அங்கேதான்.

பென் டிரைவில் உரிமை மாற்ற முடியவில்லை என்று பிழை வருகிறது என்றார் இன்னொருவர். அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவ். கோப்பின் உரிமையாளர் விவரத்தை அது வைத்துக்கொள்ளாது. -ஏவி என்பதற்குப் பதில் -ஆர்டிவி கொடுங்கள். 4 ஜிபியைத் தொடும் ஒற்றைக் கோப்பும் அதில் ஏறாது.

நகல் முடிந்ததும் டிரைவை உடனே உருவாதீர்கள். சிங்க் என்று அடித்து, அடுத்த கட்டளை அடிப்பதற்கான வரி மறுபடி தோன்றும்வரை காத்திருங்கள். நகலிலிருந்து நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். பிறகு யூமவுண்ட் கட்டளையால் டிரைவை விடுவித்துவிட்டு உருவுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகே கழிவு ஃபோல்டரை நீக்குங்கள். டிஸ்க்கில் இடம் காலியாவது அப்போதுதான்.