டெல்லியில் ஒரே நாள்: முதன்முறை செல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லியில் ஒரு நாள் மட்டும் தங்கவிருந்த உறவினர் ஒருவர், தாம் எழுதி வைத்திருந்த திட்டத்தை அண்மையில் என்னிடம் காட்டினார். காலையில் செங்கோட்டை, அடுத்து குதுப் மினார், பிற்பகலில் ராஜ்காட், மாலையில் உமாயூன் கல்லறை. என் முதல் பயணத்தில் நான் கையில் வைத்துக்கொண்டு அலைந்ததும் இதே வரிசைதான். பணப்பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அதனால் மற்றவற்றை மட்டும் எழுதுகிறேன்.

புகழை வைத்து வரிசை அமைப்பது

செங்கோட்டை நகரின் வடபகுதியில், பழைய டெல்லியில் இருக்கிறது. குதுப் மினார் தென்கோடியில், மெஹ்ரௌலியில் இருக்கிறது. ராஜ்காட்டோ மறுபடியும் செங்கோட்டைக்குப் பக்கத்தில். அன்று நான் வடக்கிலிருந்து தெற்கே போய், மீண்டும் வடக்கே வந்து, கடைசியில் உமாயூன் கல்லறையின் வாயிலை அடைந்தபோது நுழைவுச் சீட்டு வழங்குவதை நிறுத்திவிட்டார்கள். செங்கற்சிவப்புக் கல்லும் வெண்பளிங்கும் கலந்த, தாஜ் மஹாலுக்கு முன்னோடியான அந்தக் கட்டடத்தை மதிலுக்கு வெளியே நின்று பார்த்துத் திரும்பியதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பகலின் பெரும்பகுதி சாலை நெரிசலில் போய்விட்டது.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய குதுப் மினாரிலிருந்து புறப்பட்டு, 16ஆம் நூற்றாண்டின் உமாயூன் கல்லறை வழியாக, 1639இல் தொடங்கி 1648இல் முடிந்த செங்கோட்டையை அடைபவர், தெற்கிலிருந்து வடக்கே போகும்போதே நகரம் வளர்ந்த வரலாற்றையும் கடந்துவிடுகிறார். முன்னும் பின்னுமாக ஓடுபவருக்கு அந்தத் தொடர்ச்சி பிடிபடுவதில்லை.

ஒரே நாள்தான் என்றால் ஏதாவது ஒரு முனையை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காலை வெயில் ஏறுவதற்குள் குதுப் மினார், அடுத்து அவசரமில்லாமல் உமாயூன் கல்லறை, பொழுது சாயும் நேரத்தில் இந்தியா கேட் என்று அமைத்தால் பாதை ஒரே திசையில் போகும். செங்கோட்டையை விடுவதற்கு உறவினர் மிகவும் தயங்கினார். உமாயூன் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததாக ஊர் திரும்பியதும் சொன்னார். செங்கோட்டையைப் பற்றிப் பேசவே இல்லை.

திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுப்பது

செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் கோயில் ஆகிய நான்குக்கும் அன்று விடுமுறை.

மெட்ரோ நிலையத்தின் பெயரை நம்புவது

மஞ்சள் வழித்தடத்தில் குதுப் மினார் என்றே ஒரு நிலையம் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து மினார் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ளது. வெயில் காலத்தில் ஆட்டோவில் போவதே நல்லது.

பனிமூட்டத்தைக் கணக்கில் கொள்ளாதது

டிசம்பர், ஜனவரி மாதங்களில் ரயிலும் விமானமும் பல மணி நேரம் தாமதமாகக்கூடும் என்பதால், வந்து இறங்கும் நாளையே சுற்றிப் பார்க்கும் நாளாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

அக்ஷர்தாமுக்குக் கைபேசியுடன் போவது

உள்ளே அனுமதி இல்லை.